சனிக்கிழமை கொதிக்காத வண்டி

அத்தியாயம் 6

“எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதானுங்க. என்ற வண்டிய எடுத்துட்டுக் குருசாமி எங்க போறான்?”

தெய்வாத்தாள் கேட்டுவிட்டு மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டி வைத்தார். ஐம்பத்தைந்து வயது. காங்கேயம் ரோட்டில் எழுபது தையல் மெஷின் ஓடும் பனியன் கம்பெனிக்கு முதலாளி. கணவர் ஆத்தப்பன் மங்கலத்தில் அவர்களுக்கு இருக்கும் தறிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறார். இங்கே தெய்வாத்தாள் பேச்சுத்தான் சட்டம் என்பது அறைக்குள் நுழைந்த இரண்டாவது நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. முதல் நிமிடத்தில் என்னை உட்காரச் சொன்னார். இரண்டாவது நிமிடத்தில் நிமிர்ந்து உட்காரச் சொன்னார்.

என் பெயர் சதீஷ்குமார். சொந்த ஊர் குன்னத்தூர். காதர்பேட்டையில் ஒரு பனியன் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் ராணி துப்பறியும் நிலையத்தில் உதவியாளர், டிரைவர், டீ வாங்கி வருபவர் எல்லாம் நானே. முதலாளி விஜயராணி மேடம், சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். பதினெட்டு வருஷம் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் செக்கிங் பார்த்தவர். ஆயிரம் பீஸில் ஒரு தையல் விட்டிருந்தாலும் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டிப் பழகிய கண். மனிதர்களைப் பார்த்தாலும் எங்கே ஸ்டிக்கர் ஒட்டலாம் என்றுதான் பார்ப்பார். என் மேல் ஒட்டியதை எண்ணுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். கம்பெனியில் ஒரு பழைய பிக்கப் வண்டி, மூக்கு நீண்ட ரகம். இருபத்திரண்டு வருஷமாக அங்கே டிரைவராக இருக்கும் குருசாமி தினமும் மதியம் அதில் மங்கலம் போய், தறிக்கூடத்திலிருந்து பாக்கெட் துணி ஏற்றிக்கொண்டு இரண்டு மணிக்குத் திரும்ப வேண்டும். மூன்று வாரமாக வண்டி திரும்பி வரும் வழியில் ஆண்டிபாளையம் குளத்துப் பக்கம் கொதித்து நின்றுவிடுகிறது. துணி வந்து சேர நாலு மணி, ஐந்து மணி ஆகிறது. அதுவரை ஒரு தையல் லைன் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மெக்கானிக் இரண்டு தடவை பிரித்துப் பார்த்துவிட்டு ரேடியேட்டர் நன்றாக இருக்கிறது, வாட்டர் பம்ப் நன்றாக இருக்கிறது என்று போய்விட்டார். ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தும் பலனில்லை.

ஆகவே தெய்வாத்தாள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். குருசாமி மங்கலம் போகிற சாக்கில் வேறு யாருக்கோ ஓட்டம் ஓட்டுகிறார். எஞ்சின் சூடேறாமல் என்ன செய்யும்?

இன்றைக்கு மூன்று மணிக்குப் புது டிரைவர் வருகிறார். குருசாமி குடியிருப்பதோ கம்பெனியின் லைன் வீட்டில். வேலை போனால் வீடும் போகும். அவர் மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். இதையெல்லாம் தெய்வாத்தாளே சொன்னார். சும்மா அனுப்பினால் பாவம் வந்து சேரும், அதுவும் பெருமாள் மாதத்தில், அதனால்தான் எங்களைக் கூப்பிட்டாராம். அதாவது அனுப்புவது என்று முடிவாகிவிட்டது. பாவம் ஒட்டாமல் அனுப்பிவைக்க நாங்கள்.

“போதாததுக்கு வண்டிக்குச் செய்வினை என்னமோ வெச்சுட்டானுங்க,” என்று குரலைத் தணித்தார். போன சித்திரையில் குருசாமி பானெட் முழுக்கச் சாண் சாணாக நூலை வெட்டி ஒட்டிக்கொண்டு அவிநாசி ரோட்டில் ஓட்டிப் போனதை ஊரே பார்த்திருக்கிறது. சிவப்பு நூல், வெள்ளை நூல். மறுநாள் பானெட்டில் இரண்டு சதுர ஓட்டை.

மேடம் எழுந்து, சுவரில் தொங்கிய மாதக் காலண்டர் முன்னால் போய் நின்றுகொண்டார். வண்டி கொதித்த நாளையெல்லாம் தெய்வாத்தாள் அதில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார். மேடம் போன மாதத் தாளைப் புரட்டினார், மறுபடி இந்த மாதத் தாளுக்கு வந்தார்.

“அக்கா, சனிக்கிழமை வண்டி மங்கலம் போறதில்லையா?”

“போகாமங்க? ஞாயித்துக்கெழம மட்டுந்தான் லீவு.”

“சனிக்கிழமை ஒண்ணுல கூட வட்டம் இல்லையே.”

எனக்கு வாய் சும்மா இருக்காது. “எஞ்சினும் சனிக்கிழமை விரதமாட்ட இருக்குதுங்க,” என்றேன்.

தெய்வாத்தாள் என்னைப் பார்த்த பார்வையில் நான் மறுபடியும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் மேடம் திட்டவில்லை. என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, முதல் வட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த தமிழ்த் தேதியில் விரலை வைத்துப் படித்தார். பிறகு வண்டியைப் பார்க்கலாம் என்றார். மேடம் திட்டாத நாளில் எனக்குச் சோறு இறங்காது.

குருசாமி கம்பெனி வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், காக்கிச் சட்டை, கையில் பனியன் வேஸ்ட் துணி. மேடம் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டதும் தன் தெற்கத்தி ஊர்ப்பேச்சு கேட்ட மகிழ்ச்சியில் முகம் மலர்ந்தது. பானெட் ஓட்டையைப் பற்றிக் கேட்டதும் இன்னும் மலர்ந்தது. வேலை போகப்போகிறது என்று தெரிந்த ஆள் மாதிரியே இல்லை.

வண்டிக்குள் காற்று நுழைய முன்னால் பெரிய வாய் இருக்கிறதாம். நுழைந்த காற்று சூடாகி வெளியே போகத்தான் சரியான வழி இல்லையாம். பானெட்டுக்கு அடியில் அடைந்து கிடந்து எஞ்சினை வேகவைக்கிறது. அதற்கு வழி வெட்டலாம் என்றால் எங்கே வெட்டுவது என்பதில்தான் சூட்சுமம். நிறையப் பேர் அழகுக்காக முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் வெட்டிவிட்டு, முன்னைவிட அதிகமாகக் கொதிக்கிறதே என்று தலையில் கை வைப்பார்களாம்.

“அதுக்குத்தான் நூலு ஒட்டுனேன். ஓட்டும்போது கண்ணாடிக்கிட்ட இருந்த நூலு தகடோட படுத்துக்கிருச்சு. அங்க காத்து அமுக்குதுன்னு அர்த்தம். ஓட்ட போட்டா சூடு உள்ளதான் திரும்பும். இங்கன, ரேடியேட்டருக்குப் பின்னாடி இருந்த நூலு எந்திரிச்சு ஆடுச்சு. இங்க காத்து மேல இழுக்குது. வெட்டிட்டேன்.”

திருப்பூரில் நூலுக்கா பஞ்சம். எனக்கு அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. செய்வினை என்று பேசப்பட்டது இதுதான்.

ஓட்டைகளுக்கு மேல் மூடி வைத்திருந்தார். பழைய நிட்டிங் மெஷினின் பக்கத் தகட்டை வாங்கி, ஜன்னல் பட்டை மாதிரி சாய்வாக மடித்துச் செய்தது. நாலு மூலையிலும் கையாலேயே கழற்றும் காது வைத்த ஸ்க்ரூ. கம்பெனிப் பஞ்சு வந்து அடைத்துக்கொள்ளும், அடிக்கடி திறந்து தட்ட வேண்டுமே. கத்தரி வெயிலில் கூட முள் பாதியைத் தாண்டியதில்லை என்றார்.

“கத்தரியில கொதிக்காத வண்டி புரட்டாசியில ஏன் கொதிக்குது அண்ணாச்சி?”

குருசாமி முகம் சட்டென்று அணைந்துவிட்டது. குனிந்து டயரைத் துடைக்க ஆரம்பித்தார். டயரை யாராவது துடைப்பார்களா?

மேடம் அவரை விட்டுவிட்டு, ஒரு தகட்டு மூடியைக் கழற்றி ஓட்டையின் விளிம்பைப் பார்த்தார். தகடு மூலையில் கறுப்பாக, மிளகு அளவுக்கு ஏதோ உருகி ஒட்டியிருந்தது. அதில் உருகாமல் நின்ற ரெண்டு இழையைக் குண்டூசியால் நெம்பி எடுத்துத் தீப்பெட்டியை உரசினார். எரியும்போது கரும்புகை வந்தது, எரிந்ததும் சாம்பலாகாமல் சுருண்டு கல்லாகிவிட்டது.

“பாலியெஸ்டர். யாரோ இது மேல துணி போட்டு மூடியிருக்காங்க. இந்தக் கம்பெனியில முழுக்கப் பருத்தி. மங்கலத்துத் தறியிலதான பாலியெஸ்டர் கலந்து ஓடுது?”

குருசாமி அடுத்த டயருக்குப் போனார்.

நான் பானெட்டைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தேன். எஞ்சின் மேல் கருகிய கறிவேப்பிலை ஒன்று. அதற்குப் பக்கத்தில் சிவப்பாக எண்ணெய் வழிந்து காய்ந்த தடம். குனிந்து முகர்ந்தேன்.

“மேடம், எஞ்சினுக்குத் தாளிச்சுக் கொட்டியிருக்காங்க. நாட்டுக்கோழி. சின்ன வெங்காயம் நெறையா.”

“சாப்பாட்டு வாசனைன்னா மட்டும் உனக்கு மூக்கு நல்லா வேலை செய்யும். இன்னும் தேடு.”

தேடினேன். ரேடியேட்டருக்கும் விசிறிக் கூட்டுக்கும் நடுவில் வெள்ளியாக ஏதோ மின்னியது. கொக்கியை விட்டு இழுத்தால் ஒரு சதுரமான எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடி வந்தது. ஒரு மூலையை விசிறி கடித்துத் துப்பியிருந்தது. பானெட்டை இறக்கி, விளையாட்டாக அந்த மூடியை ஓட்டை மேல் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. மேடம் அதை வாங்கித் திருப்பினார். பின்பக்கம் பெயர் வெட்டியிருந்தது.

ரா. குருசாமி – ராமுத்தாய். 10-2-2019.

எப்போது வந்தாரோ, எங்களுக்குப் பின்னாலிருந்து தெய்வாத்தாள் அதைப் படித்துவிட்டார். ராமுத்தாய் குருசாமியின் மனைவி. அதற்கு மேல் தெய்வாத்தாளுக்கு எதுவும் தேவைப்படவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கம்பெனி வண்டியில் கறிச்சோறு விற்கிறார்கள், எஞ்சினையே அடுப்பாக்கிச் சுட வைத்துக் கொடுக்கிறார்கள், அதுவும் தன் வீட்டில் கறி வாசனையே படாமல் விரதம் இருக்கும் மாதத்தில் என்று ஒரே மூச்சில் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு முடிந்ததும் குருசாமி பக்கம் திரும்பினார். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் தெரிந்தது.

“இருபத்திரண்டு வருசம் இந்தக் கம்பெனிச் சாவி அத்தனையும் உன்ற கையிலதான குடுத்து வெச்சிருந்தேன் குருசாமி?”

குருசாமி மறுக்காமல் வண்டிச் சாவியைக் கழற்றிப் பானெட் மேல் வைத்தார். மகளுக்குப் பரீட்சை முடிகிற வரைக்கும் வீட்டை மட்டும் விட்டுக்கொடுத்தால் போதும் என்றார். அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

மேடமோ மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சம்பந்தமே இல்லாமல் ஒன்று கேட்டார்.

“அக்கா, நீங்க புது வீட்டுக்குக் குடிபோயி எத்தன வருசமாச்சு?”

“புண்ணியார்ச்சனை பண்ணி வர்ற தையோட ஏழு வருசமுங்க. அதுக்கென்ன இப்ப?”

“ஒண்ணுமில்ல. புது டிரைவர் வர இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. அதுல ரெண்டு மணி நேரம் எனக்குக் குடுங்க. நீங்களும் கூட வாங்க. அண்ணாச்சி, போனக் குடுங்க.”

குருசாமி பதறிப்போனார். சாவியைத்தான் வைத்துவிட்டேனே தாயி, இத்தோடு விட்டுவிடுங்கள் என்று மேடத்திடம் கெஞ்சினார். திருடன் என்று பெயர் வாங்கிய ஆள், அந்தப் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும் என்று கெஞ்சுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மேடம் போனை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

“வண்டிய நீ எடு. சீட்டுக்கடியில அண்ணாச்சியோட சாப்பாட்டுப் பை இருக்கும், அதத் தொடாத. தறிக்கூடத்து வாசல்ல போயி நில்லு. யாரு என்ன சொன்னாலும் செரிங்கன்னு மட்டும் சொல்லணும். வேற வார்த்த பேசக் கூடாது.”

“என்னால முடியுமாங்க மேடம்?”

“முடியாதுன்னுதான் நானும் நெனைக்கேன். இருந்தாலும் போ.”

மங்கலம் வரை வண்டி வெண்ணெயாகப் போனது. மண்டையைப் பிளக்கும் வெயிலில் வெப்பமுள் பாதிக்குக் கீழேயே நின்றது. பானெட் ஓட்டை வழியாகச் சூடு அலை அலையாக வெளியேறுவது கண்ணாடிக்கு முன்னால் தெரிந்தது. இந்த மனிதர் வேலையை இழந்தால் திருப்பூருக்கே நஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். சீட்டுக்கடியிலிருந்து வந்த வாசனை அந்த நினைப்பை அடிக்கடி கலைத்தது.

தறிக்கூடத்தின் வாசலில் வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். மணி பன்னிரண்டே முக்கால். உள்ளே இருபது தறியும் சடசடவென்று ஓடிக்கொண்டிருந்தன. மேடம், தெய்வாத்தாள், குருசாமி மூவரும் காரில் எனக்கு முன்பே வந்து, பின்வாசல் வழியாகப் போய்த் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். அந்த இரைச்சலில் யானை வந்தாலும் தெரியாது.

இரண்டு நிமிடத்தில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஆத்தப்பன் வந்தார். பூசினாற்போல உடம்பு, அறுபது வயது. ஸ்டியரிங் பிடித்திருந்த என்னைப் பார்த்ததும் அவர் நடை தயங்கியது.

“குருசாமி எங்க கண்ணு?”

“செரிங்க.”

“குருசாமி வர்லியான்னு கேட்டேன்.”

இதற்குச் செரிங்க ஒத்துவராது. லீவு, உடம்பு சுகமில்லை, நான் தற்காலிகம் என்று அவிழ்த்துவிட்டேன். கேட்டதும் பெரியவர் முகம் வாடிப்போனது. இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். பிறகு ஜன்னலுக்குள் தலையை நீட்டிக் கிசுகிசுத்தார்.

“பையி குடுத்து உட்டானா?”

சீட்டுக்கடியிலிருந்து பையை எடுத்துக் கொடுத்தேன். பெரியவர் முகத்தில் பால் பொங்கியது.

“நல்ல பையன். எஞ்சின மட்டும் அணைச்சறாத கண்ணு.”

அடுத்து நடந்ததை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பெரியவர் பானெட்டின் ஒரு மூடியில் இருந்த நாலு ஸ்க்ரூவையும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். கூடத்து வாசலில் அடுக்கியிருந்த காலி நூல்பெட்டிகளுக்கு நடுவில் கையை விட்டு, மூடி இல்லாத சதுர டிபன் பாக்ஸ் ஒன்றை எடுத்தார். குருசாமியின் தூக்குவாளியைத் திறந்து குழம்பை அதில் ஊற்றினார். பாக்ஸை ஓட்டைக்குள் இறக்கினார். விளிம்பு தகட்டில் பிடித்துக்கொள்ள, அடுப்பில் வைத்த சட்டி மாதிரி அது கச்சிதமாக உட்கார்ந்தது. தறியிலிருந்து வெட்டிய துணியை எட்டாக மடித்து, அந்த ஓட்டைக்கு மேலும் பக்கத்து ஓட்டைக்கு மேலும் சேர்த்துப் போர்த்தினார். காற்றுப் போக மிச்சம் ஒரு விரலளவு இடம் இல்லை.

“பத்து நிமிசம். நடுவால ரெண்டு தடவ நல்லா மிதி. அப்பத்தான் அடி புடிக்காம சூடேறும்.”

மிதித்தேன். உத்தரவு அப்படி.

பெரியவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த கேரியரை என் கையில் கொடுத்தார். பருப்புச் சாதமும் அரசாணிக்காய்ப் பொரியலும். தினமும் இதைக் குருசாமிதான் சாப்பிடுவாராம், இன்றைக்கு எனக்குக் கொடுப்பினை. பிறகு துணியை விலக்கி, ஆவி பறக்கும் கோழியில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். திறந்தபோது என் முகத்தில் எதைக் கண்டாரோ, ஒரு காலை எடுத்து என் கையிலும் வைத்தார். வாங்கிக்கொள்ளக் கூடாதென்று மேடம் சொல்லவே இல்லையே.

மணி ஒன்று. சாப்பாட்டுக்காக இருபது தறிகளும் ஒரே சமயத்தில் நின்றன. அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை.

“ஏனுங்க, என்ன பண்றீங்க?”

தெய்வாத்தாள்தான். ஆத்தப்பனால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அதே நேரம் ரேடியேட்டர் புஸ்ஸென்று சீறியது. வண்டிக்கு அடியில் கொதிநீர் கொட்டி மண்ணில் ஆறாக ஓடியது. முள் சிவப்பில் நின்றது. நான் எஞ்சினை அணைத்தேன், ஒரு கையால்தான். இன்னொரு கையில் கோழிக்கால் இருந்தது.

குருசாமி ஓடிவந்து ஆத்தப்பனுக்கும் தெய்வாத்தாளுக்கும் நடுவில் நின்றுகொண்டார். அது தன்னுடைய சாப்பாடு என்றார். தனக்கு ஆறிப்போனது பிடிக்காது, அதனால் முதலாளி சுட வைத்துத் தருகிறார் என்றார். டிரைவருக்கு முதலாளி சமைத்துத் தருகிறாராம். பொய் சொல்லவும் ஒரு பழக்கம் வேண்டும்.

எல்லோரும் ஆத்தப்பனைத்தான் பார்த்தோம். ஆமாம் என்று தலையாட்டினால் அவர் தப்பித்துக்கொள்ளலாம், குருசாமி குடும்பத்தோடு தெருவுக்குப் போவார். பெரியவர் வாயிலிருந்ததை மெல்ல விழுங்கினார். வேட்டி முனையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“அவன் பொய் சொல்றான் அம்மிணி. திங்கறது நான். புரட்டாசி ஒண்ணாந்தேதில இருந்து திங்கறேன்.”

“சனிக்கிழமை தவிர,” என்றார் மேடம்.

பெரியவர் திகைத்துப் போனார். சனிக்கிழமை எப்படிங்க, பெருமாள் சும்மா விடுவாரா என்று கேட்டார்.

மேடம் தெய்வாத்தாளிடம் சொன்னது சுருக்கம்தான். முதல் வட்டம் விழுந்த நாள் புரட்டாசி ஒன்று. அதற்கப்புறம் எந்தச் சனிக்கிழமையும் வட்டமில்லை. எஞ்சினுக்கு நாள் கிழமை தெரியாது, விரத வீட்டில் திருட்டுக் கறி தின்கிற ஆளுக்குத்தான் தெரியும். குருசாமி வீட்டில் விரதம் கிடையாது, அவருக்கு ஒளிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு, சூடு போகிற வழியையும் அடைத்து வைத்தால் தண்ணீர் கொதித்துப் பாதி வெளியேறிவிடும். மிச்சத் தண்ணீரோடு ஆண்டிபாளையம் வரைக்கும் வந்ததே பெரிய விஷயம்.

“அந்த மூடி? அதுல இவம் பொண்டாட்டி பேரு இருக்குதே?”

“சொந்தமா பொழங்க வாங்குற பாத்திரத்துல புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் போட்டு, தேதியும் வெட்டுவாங்களாக்கா? சீர் வைக்கிற பாத்திரத்துலதான் வெட்டுவாங்க. கடையில குடுத்தவங்க பேரத்தான் வெட்டுவான், வாங்கிக்கிட்டவங்க பேர இல்ல. ரெண்டாயிரத்துப் பத்தொம்பது, பிப்ரவரி பத்து. அன்னிக்கு விசேசம் யாரு வீட்ல?”

தெய்வாத்தாள் வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டார். போட்டு முடித்ததும் கணவரைப் பார்த்தார்.

ஆத்தப்பன் தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டார். மூடி ஒரு நாள் ஓட்டைக்குள் நழுவி விழுந்துவிட்டதாம். வீட்டில் புழங்குகிற பாத்திரத்தில் கறி பட்டால் வாசனையிலேயே மாட்டிக்கொள்வோம் என்று பயந்து, லாஃப்டில் ஏறி, சீர் வந்த பாத்திரங்களில் ஒன்றை எடுத்திருக்கிறார். அட்டைப்பெட்டி பிரிக்காமலே கிடந்ததாம். யார் வைத்தது என்று அவரும் திருப்பிப் பார்க்கவில்லை.

“பிரிக்கவே இல்லீங்களா?” என்று தெய்வாத்தாள் மெதுவாகக் கேட்டார். பிரிக்காமல் மேலே போட்டது அவர்தானே. குருசாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரியவர் குருசாமி பக்கம் திரும்பி, வண்டி கொதிக்கிறது, வேலைக்கே ஆபத்து என்று ஒரு வார்த்தை தன்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார்.

“சொன்னா நீங்க சாப்புடுறத நிறுத்திப்புடுவீக.”

தெய்வாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. “செரி, என்கிட்ட? காத்தால அந்த மூடியப் பாத்ததுமே உனக்குத் தெரியுமல்ல, அது எங்க ஊட்டு மூடின்னு? ஊடு போனாலும் போவுதுன்னு ஏன் வாயத் தொறக்காம நின்ன?”

குருசாமி பனியன் வேஸ்டைக் கையில் முறுக்கினார்.

“இருவத்திரண்டு வருசமா உங்க சோத்தத் திங்குறோம்மா. எங்க வீட்டுச் சோறு ஒரு நாளும் உங்க வாசப்படி ஏறுனது இல்ல. இந்த மூணு வாரந்தான் மொதலாளி எங்க வீட்டுச் சோத்தத் தின்னாரு. ராமுத்தா வெடியக்காலம் எந்திரிச்சு, அம்மியில அரைச்சு ஆக்கிக் குடுத்தா. அதப் போயி எப்பிடிம்மா காட்டிக் குடுக்க?”

தெய்வாத்தாள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். முந்தானையை எடுத்து வியர்வை துடைக்கிற மாதிரி கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். மேடமும் பார்த்தார். பிறகு தெய்வாத்தாள் ஆபீஸுக்குப் போன் போட்டு, மூன்று மணிக்கு வருகிற ஆளை வர வேண்டாமென்று சொல்லச் சொன்னார். அதே குரலில், சீக்கிரம் வண்டிக்குத் தண்ணீர் ஊற்று, லைன் நிற்கிறது என்று குருசாமியை விரட்டினார். குருசாமி குடத்தோடு ஓடினார். கணவரின் சட்டைப் பையில் தானே கையை விட்டு நாலு ஸ்க்ரூவையும் எடுத்து, எண்ணிப் பார்த்துக் குருசாமியிடம் கொடுத்தார். இன்றைக்கு முள் ஏறுகிறதா என்று தானே பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, சேலையைச் சேர்த்துப் பிடித்து வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அந்த வண்டியில் அவர் ஏறி இதுவரை யாரும் பார்த்ததில்லையாம்.

குருசாமி சாவியைத் திருகினார். தெய்வாத்தாள் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“ஐப்பசி பொறந்த மொத ஞாயித்துக்கெழம உங்க ஊட்டுக்குச் சாப்பட வர்றேன். ராமுத்தாய்கிட்டச் சொல்லிப்போடு. அவ கையால பரிமாறோணும்.”

குருசாமி தலையை மட்டும் ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

ஆத்தப்பன் ஜன்னல் ஓரமாக வந்து நின்றார். “நானுங் கூட வர்லாமா அம்மிணி?”

“நீங்க எதுக்குங்க?” என்றார் தெய்வாத்தாள். “அன்னிக்கு உங்களுக்கு ஊட்ல கம்மங்கூழு.”